எத்தனாலை திட்டுறதுக்கும் முன்னாடி, புகழுறதுக்கும் முன்னாடி

வண்டி பத்தி பேசுற எந்த குரூப்புக்குள்ள போனாலும் இப்ப ரெண்டு கட்சிதான். ஒரு கட்சி, எத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) கலந்த பெட்ரோல் போட்டா இன்ஜின் காலின்னு அடிச்சு சொல்லுது. இன்னொரு கட்சி, அது செடியிலேர்ந்து வர்ற எரிபொருள், விவசாயிக்கு வருமானம், எண்ணெய் இறக்குமதி குறையும், இதுல குறை சொல்ல என்ன இருக்குன்னு கேக்குது. ரெண்டு பக்கமும் சத்தம் ஜாஸ்தி, ஆனா அந்த எத்தனால் டேங்க்ல விழுந்ததுலேர்ந்து சைலன்சர் வழியா வெளியே போறவரைக்கும் என்ன பண்ணுதுன்னு யாரும் நிதானமா பேசுற மாதிரி தெரியல. எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு, முதல்லயே சொல்லிடுறேன். ஆக்டேன், அதாவது பெட்ரோல் தானா பத்திக்காம தாங்கற திறன், அதை ஏத்துறதுக்கு எத்தனால் முதல் தரமான பொருள், பெட்ரோலுக்கு பதிலா ஊத்தி ஓட்டுற எரிபொருளா பாத்தா ரெண்டாம் தரம். கொஞ்சமா கலந்தா நிறைய நல்லது பண்ணும், அளவு ஏற ஏற நல்லது அதே வேகத்துல ஏறாது, தொல்லை மட்டும் ஏறிக்கிட்டே போகும், அதுக்குன்னே கட்டின இன்ஜினா இருந்தா தவிர.

நல்லதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா திட்டுறவங்க இதை கண்டுக்கறதே இல்ல. சிலிண்டருக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கும்போது, பிளக் பொறி விட்டு அந்த தீ பரவி வர்றதுக்குள்ள, ஓரத்துல இருக்கற கலவை சூடு தாங்காம தானா பத்திக்கிட்டா அதுதான் நாக்கிங். மேடு ஏறும்போது தகர டப்பாவுல ஆணியை போட்டு குலுக்குற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது. ஆக்டேன் ஜாஸ்தியா இருந்தா இது நடக்காது. சாதா பெட்ரோல் பொதுவா 91லேர்ந்து 95 வரைக்கும் இருக்கும், எத்தனாலுக்கு 108 பக்கம். அதோட எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல சூட்டை உறிஞ்சிக்கும், அதனால உள்ள போற காத்தே குளிர்ந்துடும், குளிர்ந்த காத்துல ஆக்சிஜன் ஜாஸ்தி, நாக்கிங் இன்னும் தள்ளிப் போகும். டர்போ இன்ஜின் ட்யூன் பண்றவங்க இ85, அதாவது 85 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், கிடைச்சா விட மாட்டாங்க, கம்ப்ரெஷனை (பிஸ்டன் அமுக்குற அளவு) ஏத்தலாம், பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தழுத்தம்) ஏத்தலாம், இக்னிஷன் டைமிங்கை முன்னாடி தள்ளலாம். 2007லயே அமெரிக்காவோட இண்டிகார் கார் பந்தயம் மெத்தனாலை விட்டுட்டு எத்தனாலுக்கு மாறிடுச்சு.

இந்த ஆக்டேன் கதைக்கு பின்னாடி ஒரு பெரிய அநியாயம் இருக்கு, அதை படிக்கும்போதெல்லாம் எனக்கு கோபம் வரும். 1920கள்ல ஜெனரல் மோட்டார்ஸ் நாக்கிங்குக்கு மருந்து தேடிக்கிட்டு இருந்தப்போ ஆல்கஹால் கலந்தா நாக்கிங் நிக்கும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா ஆல்கஹாலுக்கு யாரும் பேட்டன்ட் வாங்க முடியாது. 1921 டிசம்பர்ல அங்க வேலை பாத்த தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம் கலந்த ஒரு பொருள், துளியூண்டு போட்டாலே நாக்கிங் போகுதுன்னு கண்டுபிடிச்சார், அதுக்கு பேட்டன்ட் வாங்கலாம், 1923ல விற்பனைக்கே வந்துடுச்சு. ஈயம் நரம்பை கெடுக்கற விஷம்னு அப்பவே டாக்டர்களுக்கு தெரியும், அதை தயாரிச்ச ஆலைகள்ல தொழிலாளிங்க செத்தும் போனாங்க, இருந்தும் வித்தாங்க. உலகம் பூரா குழந்தைங்க ரத்தத்துல ஈயம் ஏறி, கடைசியா அல்ஜீரியாவுல 2021 ஜூலையிலதான் வண்டிக்கு ஊத்துற ஈய பெட்ரோல் விற்பனை நின்னுச்சு. நூறு வருஷம்! நடுவுல ஈயத்துக்கு பதிலா எம்டிபிஇன்னு ஒரு ரசாயனத்தை கலந்தாங்க, அது நிலத்தடி டேங்க்லேர்ந்து கசிஞ்சு குடிதண்ணியில கலந்து நாத்தம் எடுத்து கலிஃபோர்னியாவுல தடையே போட்டாங்க. இதையெல்லாம் வெச்சு பாத்தா எத்தனால் எவ்வளவோ மேல். தண்ணியில கலந்தாலும் பாக்டீரியா சீக்கிரம் தின்னு தீத்துடும். அதனாலதான் 5, 10 சதவீதம் கலக்கறதை நான் எதிர்க்கவே மாட்டேன்.

இப்ப மைலேஜ். இதுல மழுப்புறதுக்கு ஒண்ணுமே இல்ல, கணக்கு ரொம்ப நேரானது. எத்தனாலோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல ஆக்சிஜன், ஆக்சிஜன் எரியறதுக்கு உதவும், அது எரிபொருள் இல்ல. அதனால ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் இருந்தா ஒரு லிட்டர் எத்தனால்ல 21தான், மூணுல ஒரு பங்கு கம்மி. 10 சதவீதம் கலந்தா 3 சதவீதம் மைலேஜ் போகும், 20 கலந்தா ஏறக்குறைய 7, இ85ல கால்வாசி. ஆக்டேன் கூடுறதை பயன்படுத்திக்கற மாதிரி கம்ப்ரெஷன் ஏத்தி கட்டின இன்ஜினா இருந்தா இதுல ஒரு பகுதியை மீட்டுக்கலாம், பழைய இன்ஜின்ல அதுக்கு வழியே இல்ல, ஏன்னா கம்ப்ரெஷன்ங்கறது ஃபேக்டரியில முடிவான விஷயம். இந்தியாவுல நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே, வெறும் பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10க்கு ட்யூன் பண்ணின கார்ல இ20 போட்டா 6லேர்ந்து 7 சதவீதம், அதே மாதிரி டூவீலர்ல 3லேர்ந்து 4 சதவீதம் எரிபொருள் திறன் குறையும்னு எழுதியிருக்கு, இ10க்கு வடிவமைச்சு இ20க்கு ட்யூன் பண்ணின கார்னா 1லேர்ந்து 2 சதவீதம்தான்னும் இருக்கு. அதனால "என் மைலேஜ் குறைஞ்சுடுச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா அவரை பொய் சொல்றவர் மாதிரி நடத்தறது தப்பு, அதே சமயம் 30 சதவீதம் குறைஞ்சுடுச்சுன்னு சொன்னா அதுக்கு காரணம் எத்தனால் மட்டும் இல்ல, டயர் காத்து, ஏர் ஃபில்டர், பிளக்னு வேற எங்கயோ தேடணும்.

ஒரு லிட்டர்ல சக்தி கம்மின்னா விலையும் அதுக்கேத்த மாதிரி கம்மியா இருக்கணும், இது எனக்கு ரொம்ப அடிப்படையான நியாயமா படுது. பிரேசில்ல எத்தனாலும் பெட்ரோலும் தனித்தனி நாசில்ல விக்கறதால அங்க ஜனங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, எத்தனால் விலை பெட்ரோல் விலையில 70 சதவீதத்துக்கு கீழ இருந்தா எத்தனால் போடு, மேல போனா பெட்ரோல் போடு. கலந்தே குடுக்கற இடத்துல இந்த கணக்கு போடவே வழி இல்லாம போயிடுது.

இன்ஜின் பக்கம் இன்னொரு விஷயம், காத்து-எரிபொருள் விகிதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்படின்னா அதே காத்துக்கு எத்தனால் ஜாஸ்தி ஊத்தணும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்சிஜன் சென்சார் "பத்தல, இன்னும் ஊத்து"ன்னு ஈசியுவுக்கு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) சொல்லும், அது இன்ஜெக்டரை கொஞ்சம் கூட நேரம் திறந்து வெச்சு சரி பண்ணிக்கும், ஒரு எல்லை வரைக்கும். கார்புரேட்டர்ல சென்சாரும் கிடையாது ஈசியுவும் கிடையாது, ஜெட்ல இருக்கற ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் எரிபொருள், அதனால எத்தனால் கூடக் கூட கலவை லீனாகும், அதாவது காத்துக்கு ஏத்த எரிபொருள் இருக்காது, காலையில ஸ்டார்ட்டிங் அடம் பிடிக்கும், திராட்டிலை முறுக்கினா ஒரு நொடி யோசிச்சு எடுக்கும், இன்ஜின் சூடு ஏறும். பழைய கார்புரேட்டர் வண்டி வெச்சிருக்கறவங்க புலம்புறதுல நூறு சதவீதம் நியாயம் இருக்கு.

தண்ணி விஷயம்தான் இதுல எல்லாத்தையும்விட எனக்கு சுவாரஸ்யமானது, அதனால கொஞ்சம் விரிவா. எத்தனாலுக்கு பெட்ரோலையும் பிடிக்கும் தண்ணியையும் பிடிக்கும், ஆனா ரெண்டுல ஒண்ணை தேர்ந்தெடுக்க சொன்னா தண்ணி பக்கம்தான் போகும். இதை வெச்சு பிரேசில்ல பம்புலயே ஒரு டெஸ்ட் பண்ணி காட்டுவாங்க. 100 மில்லி அளவு குழாய்ல 50 மில்லி பெட்ரோல், அதுமேல 10 சதவீத உப்பு போட்ட தண்ணி 50 மில்லி, மூடி போட்டு மெதுவா தலைகீழா திருப்பி திருப்பி கலந்து, நிமித்தி வெச்சுட்டு காத்திருக்கணும். முதல்ல கலங்கலா இருக்கும், அப்புறம் ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நடுவுல கத்தியால வெட்டின மாதிரி கோடு தெரியும். கீழ 50 மில்லி தண்ணிதானே இருக்கணும், ஆனா கோடு 63ல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அந்த கூடின 13 மில்லி பெட்ரோலை விட்டுட்டு தண்ணிக்குள்ள இறங்கின எத்தனால். ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டினா 27, அதாவது 27 சதவீதம் எத்தனால். எவ்வளவு எளிமை பாருங்க, வாடிக்கையாளர் கண்ணு முன்னாடியே முடிஞ்சுடுது.

குழாய்க்குள்ள நடந்த இதேதான் உங்க டேங்க்லயும் நடக்கலாம். இ10 பெட்ரோல் 15 டிகிரி சூட்டுல சுமார் அரை சதவீதம் தண்ணியை தனக்குள்ள கரைச்சு வெச்சுக்கும், அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லி. அதுவரைக்கும் பிரச்சனை இல்ல, சொல்லப்போனா நல்லதுதான், சுத்த பெட்ரோல்ல சேர்ற தண்ணி டேங்க் அடியில தேங்கி துருப்பிடிக்க வைக்கும், எத்தனால் இருந்தா அந்த தண்ணி கரைஞ்சு எரிஞ்சு போயிடும். ஆனா அளவை தாண்டுச்சுன்னா, இல்ல ராத்திரி குளிர் ஜாஸ்தியாகி கரையற அளவு குறைஞ்சுதுன்னா, எத்தனாலும் தண்ணியும் கூட்டா பிரிஞ்சு அடியில இறங்கிடும். டேங்க்லேர்ந்து எரிபொருள் எடுக்கற இடம் எங்க இருக்கு? அடியிலதான். இன்ஜினுக்கு போறது தண்ணி கலந்த எத்தனால், மேல மிச்சம் இருக்கற பெட்ரோல்லயும் எத்தனால் போனதால ஆக்டேன் இறங்கிடும். ஒரே ஒரு வார்த்தை, தினம் ஓட்டுற வண்டிக்கு இது பெரும்பாலும் நடக்காது, காத்துல இருக்கற ஈரத்தை மட்டும் குடிச்சு இந்த நிலைக்கு வர ரொம்ப நாள் ஆகும். மாசக்கணக்கா நிறுத்தி வைக்கற வண்டி, படகு, ஜெனரேட்டர், புல்வெட்டி, மூடி வழியா மழைத்தண்ணி இறங்கற டேங்க், இதுங்கதான் மாட்டும். பெட்ரோல் பைப்லைன்ல எத்தனாலை சாதாரணமா அனுப்பாம லாரியிலயும் ரயில்லயும் தனியா கொண்டு போய் டிப்போவுல கலக்கறதுக்கும் இந்த தண்ணி ஆசைதான் முக்கிய காரணம்.

ரப்பரும் உலோகமும் அடுத்தது. ரொம்ப நாள் நின்ன பழைய பைக் ஒண்ணோட கார்புரேட்டர் அடி கிண்ணத்தை கழட்டி பாத்தா கதை புரியும். அலுமினியம் மேல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி ஒரு படலம், பித்தளை ஜெட் ஓரத்துல பச்சை, விரல்ல தேச்சா மணல் மாதிரி உதிரும், அந்த துகள் ஒண்ணு போதும் பைலட் ஜெட் ஓட்டையை அடைக்க. ஓ-ரிங்கை எடுத்தா உப்பி, இருந்த பள்ளத்துலயே திரும்ப உக்கார மாட்டேங்குது. ஹோஸை மடக்கி பாத்தா வெடிப்பு. இயற்கை ரப்பர், கார்க் கேஸ்கெட், சில பழைய சிந்தெட்டிக் வகைங்க எத்தனாலை தாங்காது, வைட்டான் மாதிரி ஃப்ளோரோ ரப்பர் தாங்கும். விஷயம் என்னன்னா தாங்கற பொருள் எல்லாம் எப்பவோ வந்தாச்சு, புது வண்டியில அதான் இருக்கு, ரோட்டுல ஓடுற வண்டியெல்லாம் புதுசு இல்லங்கறதுதான் பிரச்சனை.

குளிரை பத்தி ஒரு வரி. சுத்த எத்தனால் சுமார் 13 டிகிரிக்கு கீழ பத்திக்கற அளவுக்கு ஆவியாகாது, அதனாலதான் பிரேசில் கார்கள்ல ரொம்ப வருஷம் பானட்டுக்கு கீழ ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் இருந்துச்சு, குளிர் காலையில ஸ்டார்ட் பண்ண மட்டும். இ85ல 15 சதவீதம் பெட்ரோல் இருக்கறதுக்கு இது ஒரு காரணம், இன்னொரு காரணம் சுத்த எத்தனால் தீ வெயில்ல சரியா கண்ணுக்கே தெரியாது. தீயணைப்புக்கும் சாதாரண நுரை வேலைக்கு ஆகாது, ஆல்கஹால் தாங்கற தனி நுரை வேணும்.

புகையில கார்பன் மோனாக்சைடும் கரித்துகளும் குறையும், அசிட்டால்டிஹைடு கூடும். ஊர் காத்துக்கு மொத்தத்துல லாபம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா "செடி உறிஞ்சின கார்பன்தானே திரும்ப போகுது, அதனால சுத்தம்"னு சொல்றதை மட்டும் என்னால அப்படியே ஏத்துக்க முடியாது. சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போதே அந்த சர்க்கரையோட எடையில கிட்டத்தட்ட பாதி கார்பன் டை ஆக்சைடா பறந்துடும், மீதி பாதிதான் எத்தனால். அதை காய்ச்சி வடிச்சாலும் 95.6 சதவீதத்துக்கு மேல சாதாரணமா போகாது, மீதி தண்ணியை எடுக்க மாலிக்யூலர் சீவ்னு தண்ணியை மட்டும் பிடிச்சுக்கற ஒரு சல்லடை வேணும். இதுக்கெல்லாம் வேண்டிய சூடு எங்கேர்ந்து வருதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. கரும்பாலையில சக்கையையே எரிச்சு கொதிகலன் ஓட்டிக்கலாம், மிச்ச கரண்டை வெளியவும் விக்கலாம். மக்காச்சோளத்துல பெரும்பாலும் இயற்கை எரிவாயு இல்ல நிலக்கரி எரிக்கணும், அதுக்கு முன்னாடி வயலுக்கு யூரியா வேற. செலவழிச்ச புதைபடிவ சக்தியைப்போல கரும்பு எத்தனால் எட்டு மடங்கு வரைக்கும் திருப்பி குடுக்கும்னு பிரேசில் கணக்கு சொல்லுது, மக்காச்சோளத்துல ரெண்டு மடங்கு கிடைச்சாலே பெருசு. ஒரே பேர், ஒரே திரவம், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

நிலம்தான் இதுல உண்மையான விலை. அமெரிக்காவுல விளையற மக்காச்சோளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எத்தனால் ஆலைக்கு போகுது, அதுலேர்ந்து மாட்டுத்தீவனம் திரும்ப வருதுங்கறதையும் நேர்மையா சொல்லணும். புல்வெளியை உழுது மக்காச்சோளம் போட்டா மண்ணுல பல வருஷமா பூட்டி இருந்த கார்பன் வெளியே வரும், அதை கணக்குல சேத்தா மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட மோசம்னு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, இல்ல 40 சதவீதத்துக்கு மேல நல்லதுன்னு அங்க அரசு ஆய்வுக்கூடம் ஒண்ணு சொல்லுது, சண்டை இன்னும் ஓயல. தண்ணி கணக்கும் அப்படித்தான், நிதி ஆயோக் அறிக்கைப்படி கரும்புலேர்ந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணி போகுது. வைக்கோல், சக்கை, மரத்தூள் மாதிரி கழிவுலேர்ந்து எடுத்தா இந்த சண்டையே வேண்டாம்னு எல்லாரும் நம்பினாங்க, நானும் அதைத்தான் விரும்பறேன். ஆனா அமெரிக்கா 2007 சட்டத்துல 2022க்குள்ள வருஷத்துக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் (அந்த கழிவுல இருக்கற நார்ப்பொருள்) எரிபொருள்னு எழுதி வெச்சாங்க, பக்கத்துல கூட வரல. செல்லுலோஸை சர்க்கரையா உடைக்கறது அவ்வளவு கஷ்டம்.

சரியா பண்ணினா என்ன நடக்கும்னு பாக்கணும்னா பிரேசில்தான். 1973 எண்ணெய் நெருக்கடி அடிச்ச அடியில 1975ல ஆல்கஹாலை வண்டி எரிபொருளாக்க ப்ரோஆல்கூல்னு திட்டம் போட்டாங்க, 1979ல ஆல்கஹால்ல மட்டும் ஓடுற ஃபியட் 147 வந்துச்சு, 80கள் நடுவுல வித்த புது கார்ல பத்துல ஒன்பது ஆல்கஹால் கார். அப்புறம் எண்ணெய் விலை சரிஞ்சு, சர்க்கரை விலை ஏறி, ஆலைகள் சர்க்கரை பக்கம் திரும்பி, 80கள் கடைசியில பம்புல ஆல்கஹாலே இல்லாம ஜனங்க வரிசையில நின்னாங்க, அதோட நம்பிக்கை போச்சு. திரும்ப அந்த நம்பிக்கை எப்ப வந்துச்சுன்னா, 2003ல ஃப்ளெக்ஸ் கார் வந்து, எது வேணும்னாலும் எந்த அளவுலயும் ஊத்திக்கோன்னு முடிவை ஓட்டுறவன் கையில குடுத்தப்போதான். என்னைப் பொறுத்தவரை இந்த மொத்த விஷயத்துலயும் கத்துக்க வேண்டிய இடம் இதுதான், எந்த நாடா இருந்தாலும் சரி, வண்டி மாறுறதுக்கு முன்னாடி பம்பை மாத்தினா ஜனங்க கோபப்படத்தான் செய்வாங்க. பம்புல எத்தனை சதவீதம்னு பெரிய எழுத்துல போடுங்க, பழைய வண்டிக்கு எத்தனால் கம்மியான பெட்ரோலை ஒரு நாசில்லயாவது வைங்க, கூட கலந்ததுக்கு விலையை குறைங்க. இந்த மூணும் இல்லாம "எதுவும் ஆகாது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா நல்ல பொருளுக்குத்தான் கெட்ட பேர்.

கையில பழைய வண்டி இருக்கறவங்களுக்கு, இதை மட்டும் பண்ணிடுங்க. டேங்க் மூடி ரப்பரையும் ஃப்யூயல் ஹோஸையும் எத்தனால் தாங்கற வகைக்கு மாத்துங்க, சல்லிசான வேலைதான். ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவை திறந்து காலி பண்ணிட்டு நிறுத்துங்க, டேங்க்கை கழுத்துவரைக்கும் நிரப்பி வைங்க, உள்ள காத்து இல்லன்னா ஈரமும் இல்ல. அப்புறம் எத்தனால் கூடின பெட்ரோலுக்கு மாறின புதுசுல டேங்க்ல வருஷக்கணக்கா ஒட்டியிருந்த பிசினை அது கரைச்சு கொண்டு வந்து ஃபில்டர்ல சேக்கும், அதனால முதல் ஃபில்டரை வழக்கத்துக்கு முன்னாடியே மாத்திடுங்க, வண்டி நடுரோட்டுல திணறினா கார்புரேட்டரை கழட்டறதுக்கு முன்னாடி அந்த ஃபில்டரை ஒரு தடவை பாருங்க.